உறை இணைக்கப்படவில்லை

மாட்டாஸ்பத்திரியில் எனக்கு முன்னால் ஒரு சினைப் பசு, பின்னால் இரண்டு வெள்ளாடுகள். நடுவில் நான், கையில் சான்றிதழ் நகல்களோடு நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் பசுவின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலேயே, "அடுத்து யாரு? என்ன பிரச்சனை?" என்று கேட்டார்.

"நான்தான் சார். வேலை கெடைக்கல," என்றேன்.

ஆட்டுக்காரர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்தார். அப்போதெல்லாம் அந்த அலுவலகத்தில் வேலைக்கு விண்ணப்பித்தால், இணைக்கிற ஒவ்வொரு நகலிலும் உயர்நிலை அலுவலர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் அப்படிப்பட்ட அலுவலர்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் முன் அனுமதி, சிபாரிசு எதுவும் இல்லாமல் பார்க்க முடிந்தவர் மாட்டு டாக்டர் மட்டும்தான். அவரைப் பார்க்க மாடுகூடத் தேவையில்லை.

பதினொரு நகல்களில் கையெழுத்துப் போட்டவர், கடைசியாக நன்னடத்தைச் சான்றில் வந்து நின்றார். 'இவரை எனக்குக் கடந்த மூன்று ஆண்டுகளாக நன்கு தெரியும்' என்று அச்சடித்திருந்த வரியை ஒருமுறை படித்தார். அவருக்கு என்னைத் தெரிந்து சுமார் ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

"நல்லவங்கதானே நீங்க?"

"வீட்டுல அப்படித்தான் சார் சொல்றாங்க."

போட்டுவிட்டார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்மா வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல் காயவைத்தவர். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்களுக்கு முந்தைய தலைமுறை முழுக்க அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான்; கணிதம். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியதிலிருந்து, அரசு வேலை அடுத்த பேருந்தில் வந்து இறங்கிவிடும் என்பதுபோல வீட்டில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நானும் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தேன். வயிற்றுப்பாட்டுக்கு, பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை.

கடை ஓர் அக்காவினுடையது. வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவாளர் குடும்பம். கணவர் தறியில் உட்கார, இவர் ஜெராக்ஸ் இயந்திரத்தில் நின்றார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைப்போல விண்ணப்பம் போடுகிறவர்கள். அந்தப் படிவங்களைப் பார்த்து அக்கா சொல்வார்: "சிக்கு விழுந்த தறிப் பாவு மாதிரி இருக்குதும்மா இது. ஒரு இழைய இழுத்தா பத்து இழை அறுந்துக்கினு வருது. இதை எவன்மா நெய்ஞ்சிருப்பான்?"

மாட்டு டாக்டர் கையெழுத்திட்ட அந்தக் கட்டு, மாவட்டத்தில் இருக்கும் ஓர் அரசு அலுவலகத்துக்கு, இளநிலை உதவியாளர் பணிக்காகப் போனது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தோடு அவர்கள் கேட்டிருந்தவற்றில் ஒன்று, சுயவிலாசமிட்ட உறை. அதாவது நம் விலாசத்தை நாமே எழுதி, தபால்தலையும் ஒட்டி, பதில் போடுவதற்காக அவர்களுக்கு அனுப்ப வேண்டிய கவர். நீளம் அகலம்கூடக் குறிப்பிட்டிருந்தார்கள். நான் ஸ்கேல் வைத்து அளந்து வாங்கினேன். விலாசத்தை முத்து முத்தாக எழுதினேன். தபால்தலைகளை வலது மூலையில், ஒன்றன்மேல் ஒன்று படாமல், வரிசையாக ஒட்டினேன்.

ஒன்பது மாதம் கழித்து அந்தக் கவர் வீட்டுக்கு வந்தது. என் கையெழுத்தை நானே வாசலில் வைத்து வாங்கினேன். அம்மா சாமி படத்துக்குக் கீழே வைத்துப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். உள்ளே கால் பக்கத்தில் ஒரு கடிதம். தங்கள் விண்ணப்பம் கீழ்க்காணும் காரணத்தால் நிராகரிக்கப்படுகிறது. காரணம்: சுயவிலாசமிட்ட உறை இணைக்கப்படவில்லை.

ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் உறை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அம்மா, "இன்னாம்மா போட்டிருக்குது?" என்றார்.

"கவர் வைக்கலன்னு போட்டிருக்குதும்மா."

"இது இன்னா அப்போ?"

"கவரு."

அம்மா கவரை வாங்கி விலாசத்தைப் பார்த்தார். "நீ இங்கிலீஷ்ல எழுதியிருக்கணும்," என்றார்.

மறுநாள் காலை கடிதத்தையும் உறையையும் எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஆள்சேர்ப்புப் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். சட்டைப் பையில் நான்கு பேனா. மேசையில் இருந்த காகிதக் கட்டுகள் எல்லாம் ஓரம் ஒட்டி, ஒரு நூலிழை பிசகாமல் அடுக்கியிருந்தன. கடிதத்தில் இருந்த கையெழுத்து அவருடையதுதான். உறையை அவர் முன்னால் வைத்தேன்.

"சார், இது என் கையெழுத்து. இது நான் ஒட்டின ஸ்டாம்பு. இதுக்குள்ள வெச்சு, கவர் வரலன்னு நீங்களே அனுப்பியிருக்கீங்க."

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இந்தக் கவர் விண்ணப்பத்தோட வந்ததுக்கு ஆதாரம் இருக்கா?"

"வரலன்னா உங்க கையில எப்படி சார் இருந்திருக்கும்?"

"அது வேற விஷயம்மா. பரிசீலனை அன்னைக்கு ஃபாரத்தோட கவர் இல்ல. இல்லன்னா இல்லன்னுதான் எழுத முடியும். ஆட்சேபணை இருந்தா மேல்முறையீடு பண்ணலாம்." இழுப்பறையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதன் கடைசி வரியை நான் அங்கேயே படித்தேன். மேல்முறையீட்டோடு சுயவிலாசமிட்ட உறை ஒன்று இணைக்கப்பட வேண்டும்.

கடைக்குத் திரும்பி வந்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்து என் கையிலிருந்த கடிதத்தையும் உறையையும் வாங்கி, பக்கத்துப் பக்கத்தில் வைத்து நகல் எடுத்தார். அதைக் கடைக் கண்ணாடியில், 'இங்கு லேமினேஷன் செய்யப்படும்' என்பதற்குப் பக்கத்தில் ஒட்டினார். "யாரு வேணும்னாலும் படிக்கட்டும்," என்றார்.

படித்தார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள், பிறகு முகம் மாறி, "என்கிட்டயும் ஒண்ணு இருக்குதுக்கா," என்றார்கள். ஒரு வாரத்துக்குள் கண்ணாடி அதே அலுவலகத்தின் கடிதங்களால் நிறையத் தொடங்கியது. தட்டச்சர் வேலைக்குப் போட்ட ஓர் ஒல்லிப் பையனுடைய விண்ணப்பம், மார்பளவு குறிப்பிடாததால் கழிக்கப்பட்டிருந்தது. விண்ணப்பம் போட்ட நாளில் வயது வரம்புக்குள் இருந்த ஒருவர், அவர்கள் கட்டைப் பிரித்துப் பார்த்த நாளில் வயது கடந்துவிட்டார். என்னைப்போலவே கவர் விஷயத்தில் மாட்டியவர்கள் ஏழெட்டுப் பேர்.

இவர்களுக்கெல்லாம் தலைமை என்று சொல்லத்தக்கவர் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். கணவர் இறந்து இரண்டு வருடம். ஆதரவற்ற விதவைக்கான முன்னுரிமையில் பதிவறை எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அந்தச் சான்றிதழையும் இணைத்திருந்தார். விண்ணப்பம் கழிக்கப்பட்ட காரணம், 'கணவரின் ஒப்புதல் கையொப்பம்' என்ற கட்டம் காலியாக இருந்ததுதான்.

"நேராப் போய்க் கேட்டேன்," என்றார் அவர், கடிதத்தை நகல் எடுக்க நீட்டிக்கொண்டே. "கட்டத்தை காலியா வுடக் கூடாதும்மான்னு அந்த ஆளு சொன்னாரு. சரி சார், அடுத்த திதிக்கு எள்ளும் தண்ணியும் வுடும்போது வருவாரு, ஒரு கையெழுத்து வாங்கிக்கினு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"அதுக்குள்ள அப்பீலுக்குக் கடைசித் தேதி முடிஞ்சுடும்னாரு."

கடைக்கு முன்னால் கும்பல் கூடத் தொடங்கியது. பட்டுச்சேலை வாங்க வெளியூரிலிருந்து வந்தவர்கள்கூட, ஏதோ தள்ளுபடி அறிவிப்பு என்று நினைத்து நின்று படித்துவிட்டுப் போனார்கள். எனக்கு உள்ளூரப் பயம். அக்காவுக்கு அப்படியொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் காட்டன் சேலை கட்டிய ஒரு பெண்மணி, மகளின் பள்ளிச் சேர்க்கைக் காகிதங்களை நகல் எடுக்க வந்தார். நான் இயந்திரத்தில் வேலையாக இருந்தேன். அவர் கண்ணாடியில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாக, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். மார்பளவுக் கடிதத்தைப் படித்துச் சிரித்தார். கணவர் கையொப்பத்தில் சிரிக்கவில்லை. என்னுடையதற்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"இந்தக் கவர் யாரோடது?" என்று கேட்டார். தென்காசிப் பக்கத்துப் பேச்சு.

"கடைக்கு வர்ற ஒரு பொண்ணுதுங்க," என்றேன்.

"அப்படியா." காகிதங்களை வாங்கிக்கொண்டு, "ஒரு பில் எழுதித் தாங்களேன்," என்றார். எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் இருந்த உறையின் நகலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கும் உங்களுக்கும் 'ழ' ஒரே மாதிரி சுழிக்குதே!"

நான் பில் புத்தகத்தை இழுப்பறைக்குள் தள்ளினேன். அவர் அந்த அலுவலகத்துக்குப் புதிதாக மாறுதலாகி வந்திருக்கும் தலைமை அதிகாரி என்று, அதற்குப் பிறகுதான் சொன்னார். "திங்கட்கிழமை பத்தரைக்கு வாங்க. இது எல்லாத்தோட ஒரிஜினலும் எடுத்துட்டு வாங்க."

அவர் ஜீப் நகர்ந்ததும் அக்கா, "தேவுடா!" என்று தலையில் கைவைத்தார். அடுத்த நிமிடமே தெளிந்து, "நானும் வரேன். உள்ள வெச்சா ரெண்டு பேரையும் ஒண்ணா வெக்கட்டும், பேச்சுத் துணைக்காச்சு," என்றார்.

திங்கட்கிழமை அக்கா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, "கைது பண்ணும்போது போட்டோ எடுப்பாங்க இல்ல?" என்றார்.

அதிகாரியின் அறையில் கண்காணிப்பாளர் உட்பட ஆறு பேர் நின்றிருந்தார்கள். அதிகாரி நாங்கள் கொண்டுவந்த கடிதங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தார். குரலில் கோபமில்லை. அதனாலேயே கேட்கக் கஷ்டமாக இருந்தது. பிறகு காலிப் படிவங்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள எல்லாரும் இதை நிரப்பி, கேட்டிருக்கிற எல்லாத்தையும் இணைச்சுத் தரணும். இளநிலை உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் போடுறதா நெனச்சுக்கோங்க. நானும் போடுதேன். பரிசீலனை பண்ணப் போறது இவங்க ரெண்டு பேரும்." எங்களைப் பார்த்தார். "விதியில ஒரு புள்ளிகூட விடக்கூடாது. உங்களை எப்படிக் கழிச்சாங்களோ அப்படியே கழிங்க."

என் வாழ்நாளில் அரசாங்கம் எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு அது. அன்று முழுக்க நான் அந்தப் பதினோரு பக்கப் படிவத்தின் பின்குறிப்புகளை, பாடப்புத்தகம்போல அடிக்கோடிட்டுப் படித்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு ஏழு கட்டுகள் வந்தன. அக்காவும் நானும் ஒரு நீளமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எங்களுக்கு டீ வந்தது. முதல் ஐந்து கட்டுகளைக் கழிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒருவர் நீல மையில் நிரப்பியிருந்தார், கறுப்பு மை என்பது விதி. இன்னொருவருடைய இனிஷியல் பள்ளிச் சான்றிதழில் பெயருக்குப் பின்னாலும் கல்லூரிச் சான்றிதழில் முன்னாலும் இருந்தது. தட்டச்சர் ஒருவர் தன் மார்பளவைத் தோராயமாகப் போட்டிருந்தார். 'தோராயம் ஏற்கப்படாது' என்று அக்கா ஆசையாக எழுதினார்.

அடுத்தது அதிகாரியின் கட்டு. எல்லாம் ஒழுங்காக இருந்தது, புகைப்படத்தைத் தவிர. மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மேடம், இது உங்க பொண்ணுங்களா?" என்று கேட்டார்.

அதிகாரிதான் முதலில் சிரித்தார். "கழிங்க, கழிங்க," என்றார்.

கடைசியாகக் கண்காணிப்பாளரின் கட்டு. ஒரு குறை இல்லை. கறுப்பு மை, முத்து முத்தான எழுத்து, அளவெடுத்த உறை, ஒன்றன்மேல் ஒன்று படாத தபால்தலைகள். அவர் சுவரோரமாகக் கைகட்டி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு முறை புரட்டினேன். மூன்றாவது முறைதான் கண்ணில் பட்டது. நன்னடத்தைச் சான்று இல்லை.

"சார், நன்னடத்தைச் சான்று இணைக்கப்படல."

"இருபத்தி மூணு வருஷமா இதே ஆபீஸ்ல இருக்கேன்மா. என்னைப் பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சவங்க பச்சை மையில எழுதித் தரணும் சார்."

"நேத்துதான் ஃபாரமே குடுத்தாங்க. யாரைப் போய்ப் பார்க்கறது?"

"மாட்டாஸ்பத்திரி ஏழரைக்கே தெறக்கறாங்க சார்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பல நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வெற்றி. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கட்டை என் கையிலிருந்து வாங்கி, ஓரம் தட்டிச் சரிசெய்து, மறுபடி மேசையில் வைத்தார். பிறகு யாரும் கேட்காமலேயே சொன்னார்.

"மேடம், அந்தக் கவர் விஷயம். கவரெல்லாம் தொலையக் கூடாதுன்னு மொதல்ல வந்த ரெண்டு மூட்டை ஃபாரத்துலேர்ந்து மட்டும் கழட்டி, ஒரு சாக்குல போட்டு, பீரோ மேல பத்திரமா வெச்சோம். ஃபாரத்தைப் பரிசீலிக்கும்போது அதுல கவர் இல்ல. இல்லைன்னு எழுதினேன். லெட்டர் அனுப்பணும்னு சாக்கைப் பிரிச்சப்போ கவரெல்லாம் இருந்துது." நிறுத்தினார். "இருந்துது. ஆனா ஆர்டர் போட்டாச்சு. போட்டதை எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியல."

கண்காணிப்பாளர் கட்டின் ஓரத்தை மறுபடி தட்டினார்.

"இதே ஆபீஸ்ல என்னையும் ரெண்டு தடவ கழிச்சாங்க," என்றார். "மூணாவது தடவ இன்டர்வியூ கார்டு வந்தப்போ எங்க அப்பா இல்ல. இந்த சீட்டுல வந்து உக்காந்தப்போ, எனக்கு முன்னாடி இருந்தவரு எப்படிப் பண்ணாரோ அப்படியே பண்ணேன். வேற மாதிரி பண்ணலாம்னு எனக்குத் தோணவேயில்ல."

அதற்குப் பிறகு மூன்று வாரம், செவ்வாயும் வியாழனும், நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து புதுப் படிவம் தயாரித்தோம். அதிகாரி, கண்காணிப்பாளர், அக்கா, நான். திருமுக்கூடல் பெண்ணை ஒருநாள் வரவழைத்துக் கேட்டோம். அந்தக் கணவர் கட்டத்தைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும் என்றார். சிவப்புப் பேனா கொடுத்தோம். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு ஆச்சரியம் கண்காணிப்பாளர்தான். எந்தக் கட்டம் எதற்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. "பத்தொன்பதாவது கட்டத்தை இந்த இருபத்தி மூணு வருஷத்துல யாரும் படிச்சதில்ல. நான்கூட," என்பார். உடனே அதை அடிப்பார். முதலில் தயங்கித் தயங்கி அடித்தவர், போகப் போக எங்களுக்கு முன்னால் ஓடினார். ஒரு கட்டத்தில் பிறந்த தேதியையும் அடிக்கப் போக, அதிகாரி கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாயிற்று.

பதினோரு பக்கம் ஒரே தாளாயிற்று, முன்னும் பின்னும். பச்சை மைக் கையெழுத்து வேண்டாம். தேர்வானவர்கள் மட்டும் அசல் சான்றிதழோடு வந்தால் போதும். வயது, அறிவிப்பு வந்த நாளில் எவ்வளவோ அவ்வளவுதான். பதில் உறை இல்லை, கைப்பேசிக்குத் தகவல் வரும். ஏதாவது விடுபட்டிருந்தால் கழிக்காமல் கூப்பிட்டுச் சொல்லி, ஏழு நாள் அவகாசம் தர வேண்டும். தேர்வு எழுதிய எல்லோருக்கும், தேறாதவர்களுக்கும், மதிப்பெண்ணைச் சொல்லிவிட வேண்டும். காத்திருப்போர் பட்டியல் ஒன்றும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன மூன்றும் கண்காணிப்பாளர் வற்புறுத்திச் சேர்த்தவை. மேலிடத்தின் ஒப்புதலுக்கு அனுப்பினார்கள். முதல் தடவை அது திரும்பி வந்தது, இணைப்பில் பக்க எண் போடவில்லை என்று. கண்காணிப்பாளர் அந்தக் குறிப்பை ரசித்துப் படித்தார்.

அக்காவுக்கு மட்டும் ஒரு வருத்தம். "பதினோரு பக்கத்தை ஒரு தாளாக்கிட்டியே அம்மாயி. இனிமே நான் எதை ஜெராக்ஸ் எடுக்கறது? உன் கையாலயே கடைக்குப் பூட்டு போட்டுட்ட." இரண்டு மாதத்தில் சேலை டிசைன்களைக் கலரில் அச்செடுத்துத் தருகிற இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டார் என்பதால், அந்த வருத்தம் நீடிக்கவில்லை.

புதுப் படிவத்தில் அறிவிப்பு வந்தது. வினாத்தாள் தயாரிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் வேறு மாவட்டத்தில் என்பதால், நானும் விண்ணப்பிக்கலாம் என்று அதிகாரி எழுத்திலேயே கொடுத்தார். பெருமையோடு நிரப்பி, நேரில் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன். நான்காம் நாள் கைப்பேசி அடித்தது. கண்காணிப்பாளர்.

"அம்மா, உங்க விண்ணப்பத்துல ஒரு சின்னக் குறை இருக்குது."

"இன்னா சார் குறை? அந்த ஃபாரத்தை நான்தானே சார் தயார் பண்ணேன்!"

"ஆமாம்மா, நீங்கதான். கையெழுத்துப் போட மறந்துட்டீங்க. ஏழு நாள் டைம் இருக்குது, மெதுவா வாங்க." அந்த 'மெதுவா'வில் எவ்வளவு இனிப்பு இருந்தது தெரியுமா? போனபோது, அவர் நான்கு பேனாவையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்து, எது வேண்டும் என்று கேட்டார்.

தேர்வு எழுதினேன். முடிவு ஆறே வாரத்தில் வந்தது. திருமுக்கூடல் பெண்ணுக்குப் பதிவறை எழுத்தர் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. இளநிலை உதவியாளர் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயராக இருந்தேன். கூடவே பகுதிவாரியாக மதிப்பெண். இத்தனை வருடத்தில் எத்தனையோ வேலைத் தேர்வு எழுதியிருக்கிறேன். என் மதிப்பெண்ணை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. தமிழில் நல்ல மதிப்பெண். பொது அறிவில் பரவாயில்லை. என்னைக் கீழே இழுத்தது கணக்கு.

கணிதப் பட்டதாரி நான். சுவரில் பட்டம் தொங்குகிறது. ஒரு குழாய் தொட்டியை நிரப்ப, இன்னொரு குழாய் காலி பண்ண, எத்தனை மணி நேரமாகும் என்ற கணக்கில் தோற்றிருக்கிறேன். இத்தனை நாளும் சிபாரிசு, சூழ்ச்சி, விதி என்று யாரையாவது திட்டித் திட்டி ஆறுதல் அடைந்துகொண்டிருந்தேன். அந்த ஆறுதலையும் இந்தச் சீர்திருத்தம் பிடுங்கிக்கொண்டது. அப்பாவிடம் சொன்னபோது அவர், "இதுக்குத்தான் மார்க்கெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுன்றது," என்றார். இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கிவந்து, கடையில் கூட்டமில்லாத நேரத்தில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு மாதம் போவதற்குள், தேர்வானவர்களில் ஒருவர் வங்கி வேலை கிடைத்துப் போய்விட்டார். பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது. பணியில் சேர்ந்த அன்று, கண்காணிப்பாளர் தன் மேசைக்கு எதிரிலேயே எனக்கு இடம் போட்டுக் கொடுத்தார். அம்மா வந்து அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஓட்டுநர் பணிக்கு வந்திருந்த விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது. நாற்பதாவதோ என்னவோ, அதில் ஓட்டுநர் உரிம எண் எழுதும் இடம் காலி. விண்ணப்பித்தவர் தாமல் கிராமத்தைச் சேர்ந்தவர். விதிப்படி கைப்பேசியில் கூப்பிட்டேன். "அரசு அலுவலகத்துலேர்ந்து பேசறேன்பா. உங்க விண்ணப்பத்துல ஒரு நம்பர் விட்டுப்போயிருக்குது..."

"இன்னா நம்பர்? ஓடிபியா?" என்றது அந்தக் குரல். "காலையிலேர்ந்து ஒருத்தன் பேங்க்குன்னான், இப்போ நீ கவர்மெண்ட்டுன்ற. கவர்மெண்ட் எங்கயாவது போன் பண்ணுமாம்மா? வேற ஆள பாரு." வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டேன். திட்டு வாங்கினேன். மூன்றாவது தடவை என் எண்ணையே தடுத்துவிட்டிருந்தார். கண்காணிப்பாளரின் கைப்பேசியிலிருந்து முயன்றோம். அவருக்கு என்னைவிட அதிகமாகக் கிடைத்தது. அவர் காது சிவக்க என்னைப் பார்த்து, "கழிச்சிடலாமாம்மா?" என்றார். ஏழு நாளில் ஐந்து நாள் போய்விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தாமலுக்குப் போனேன். விசாரித்துப் போனபோது, ஏரிக்கரை ஓரமாக ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னேன். அவர் வெளியே வந்து, கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐடி கார்டு காட்டுங்க."

"இன்னும் தரலப்பா. சேர்ந்து பத்து நாள்தான் ஆவுது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்குது." பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நின்று நிதானமாக, முத்திரை முதல் கையெழுத்து வரை படித்தார்.

"சரி, நம்பறேன்," என்றார். "இதுல ஒரு ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்கு ஒரு ஆதாரம் வேணும்ல?"